பெல்லெட் ஸ்மோக்கருக்குப் புது கன்ட்ரோலர்: என் மல்டிமீட்டரும் அப்பாவின் டெஸ்டரும்

போன நவம்பரில் ஒரு சனிக்கிழமை. ஆட்டுத் தொடை ஒன்றை மிளகும் உப்பும் பூண்டும் தடவி, கறியைப் புகையில் சுடுகிற எங்கள் பெல்லெட் ஸ்மோக்கரில் வைத்து, 225 டிகிரிக்குத் திருப்பிவிட்டு, நோட்டும் பேனாவுமாகப் பின்பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். கம்பித் தட்டின் மேல் தனியாக ஒரு தெர்மாமீட்டர். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை அதைப் பார்த்து எழுதினேன். 198, 214, 236, 259, 271, 262, 241, 219, 203. அப்புறம் மறுபடியும் ஏற ஆரம்பித்தது.

பக்கத்தில் அப்பா. அம்பாசமுத்திரத்தில் மின்வாரிய வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர், ஆறு மாதம் எங்களோடு இருக்க வந்திருந்தார். நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏம்மா, இது அடுப்பா, ஊஞ்சலா?"

வெப்பத்தைக் கட்டுப்படுத்துகிற கன்ட்ரோலரை மாற்றி அந்த ஊஞ்சலை நிறுத்திய கதைதான் இது. நான் இருப்பது ஆஸ்டினுக்கு வடக்கே. இங்கே அடுப்பு விஷயம் எல்லாமே பாரன்ஹீட்டில்தான், நானும் அப்படியே எழுதுகிறேன். 225 என்பது நம் கணக்கில் 107 செல்சியஸ். வேலை நேரம் மூன்று மணி என்று புது கன்ட்ரோலரின் பெட்டியில் போட்டிருந்தான். எனக்கு இரண்டு வார இறுதிகள் ஆயின. அதில் ஒன்று என் தப்பு, அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

உள்ளே என்ன நடக்கிறது

டெக்சாஸ் சட்டமன்றமே மாநிலத்தின் பார்பிக்யூ தலைநகர் என்று அறிவித்த லாக்ஹார்ட் எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரப் பயணம். அங்கே செங்கல் குழி, போஸ்ட் ஓக் கட்டை, நெருப்புப் பக்கத்திலேயே நின்று முகம் கறுத்த ஆள், அவ்வளவுதான். பெல்லெட் ஸ்மோக்கர் என்பது அப்படி நிற்க நேரமில்லாதவர்களுக்கான சாதனம். ஒரிகன் மாநிலத்தில் மவுண்ட் ஏஞ்சல் என்ற சிற்றூர்க்காரர் ஜோ டிரேகர் 1980களில் செய்தது. 2006இல் காப்புரிமை முடிந்ததும் ஆளாளுக்குச் செய்ய ஆரம்பித்தார்கள். அதனால் பழைய மாடல்களில் பெயர்தான் வேறு வேறு. மூடியைக் கழற்றினால் உள்ளே ஏறக்குறைய ஒரே சாமான்கள்தான்.

பக்கவாட்டில் ஒரு பெட்டி, அதுதான் ஹாப்பர். அதில் மரத்தூளை அழுத்திச் செய்த, கால் அங்குலக் கனமுள்ள குச்சிகள், அவைதான் பெல்லெட். பெட்டிக்கு அடியில் திருகாணி மாதிரி ஒரு நீளத் தண்டு, ஆகர் என்பார்கள். அதை ஒரு சின்ன மோட்டார் நிமிடத்துக்கு இரண்டு சுற்றுதான் சுற்றும். குச்சிகள் நகர்ந்து போய், நடுவில் இருக்கும் டம்ளர் அளவு நெருப்புக் கிண்ணத்தில் விழும். கிண்ணத்துக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஹாட் ராட் சிவந்து அவற்றைப் பற்றவைக்கும். ஒரு ஃபேன் காற்று ஊதும். உள்சுவரில் ஒரு உலோகக் குச்சி வெப்பம் பார்க்கும், அதை வெப்பக் குச்சி என்கிறேன். மோட்டார், ராட், ஃபேன் மூன்றையும் எப்போது ஓட்டுவது என்று முடிவு செய்வதுதான் கன்ட்ரோலர்.

பழைய கன்ட்ரோலர் கொஞ்சம் முரட்டு ஆசாமி. ஸ்மோக் என்ற நிலையில் வைத்தால் வெப்பத்தைப் பார்க்காமல் கடிகாரத்தை மட்டும் பார்க்கும். என்னுடையதில் பி-2 என்று இருந்தது. அதாவது 15 வினாடி குச்சி தள்ளு, 65 வினாடி சும்மா இரு. கணக்குப் போட்டால் மொத்த நேரத்தில் 19 சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவு. பி-4 என்றால் 85 வினாடி ஓய்வு, 15 சதவீதம். 225 என்று வைத்தால் இன்னும் மோசம். 225க்குக் கீழே இருக்கும்வரை தள்ளிக்கொண்டே இருக்கும், தாண்டியதும் பழையபடி அந்த ஓய்வுக் கணக்குக்குப் போய்விடும். ஆனால் கிண்ணத்தில் விழுந்த குச்சி பிடித்து எரிய இரண்டு மூன்று நிமிடம் ஆகுமே! 225 தொட்டபோது நிறுத்தினாலும், ஏற்கெனவே விழுந்தது எரிந்து 271 வரை ஏற்றிவிட்டுத்தான் அடங்கும்.

புதிதாக வரும் கன்ட்ரோலர்களைப் பிஐடி என்கிறார்கள். இந்தக் கணக்கு அடுப்புக்காகப் பிறந்ததில்லை. 1922இல் மினோர்ஸ்கி என்பவர், கப்பல் தானாகவே திசை பிடித்துப் போவதற்காக, சுக்கான் பிடிக்கிற ஆட்கள் எப்படிக் கை திருப்புகிறார்கள் என்று கவனித்து எழுதியது. எங்கள் ஆச்சிக்கு அது எழுதாமலே தெரியும். விறகடுப்பில் பால் வைத்தால் மூன்று விஷயம் பார்ப்பாள். இப்போது எவ்வளவு சூடு குறைவு, அதற்கேற்ற விறகு. வெகு நேரமாகக் குறைந்தே இருக்கிறதா, இன்னும் ஒரு குச்சி சேர். பால் விறுவிறுவென்று ஏறுகிறதா, பொங்குவதற்கு முன்பே விறகை வெளியே இழு. பி, ஐ, டி மூன்றும் அவ்வளவுதான். பழைய கன்ட்ரோலருக்கு இந்த மூன்றாவது புத்தி கிடையாது. பால் அடுப்பில் வழிந்த பிறகுதான் விறகை இழுக்கும்.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ள வேண்டாம். பழையதில் வருகிற பி-2, பி-4 வேறு; பிஐடியில் வருகிற பி வேறு. முன்னது ஓய்வு நேரத்துக்கான எண்.

பணம் போடுவதற்கு முன் ஒரு வாரம்

இதைத்தான் அழுத்திச் சொல்ல ஆசைப்படுகிறேன். கன்ட்ரோலர் என்பது வெப்பக் குச்சி சொல்வதைக் கேட்டு நடக்கிற பிள்ளை. குச்சி பொய் சொன்னால் எத்தனை டாலர் கன்ட்ரோலர் போட்டாலும் அதே பொய்யைத்தான் அழகாக நடத்திக் காட்டும்.

என் ஸ்மோக்கரின் உள்சுவரில் இருந்த குச்சியைத் தேடியே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. இரண்டு வருடக் கொழுப்பும் கரியும் சேர்ந்து, பொரித்த அப்பளத்தின் ஓரம் போல மொரமொரவென்று ஒரு மேலோடு. அந்த ஓடு வெப்பத்தை மெதுவாகத்தான் உள்ளே விடும். வெளியே 260 ஆனபோது குச்சி 230 என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கும். வினிகரில் நனைத்த துணியால் ஊறவைத்து, மெல்லிய இரும்பு நார் கொண்டு தேய்த்தேன். பளபளவென்று வெள்ளிக் குச்சி வந்தது. மறுநாள் அதே நோட்டு, அதே நாற்காலி. 70 டிகிரிக்கு மேல் ஆடியது 45 ஆனது. செலவு, அரை கப் வினிகர்.

அடுத்து கிண்ணத்தில் சேர்ந்த சாம்பலை உறிஞ்சி எடுங்கள். சாம்பல் நிறைந்தால் காற்றுத் துளைகள் அடைத்து நெருப்பு திணறும். வேக்குவம் கிளீனர் போடுமுன் முந்தின நாளே அணைந்து முழுசாக ஆறியிருக்க வேண்டும், கங்கு ஒன்று உள்ளே போனால் வேக்குவம் பற்றிக்கொள்ளும். ஹாப்பரில் இருக்கும் மரக் குச்சிகள் நமுத்திருக்கிறதா என்றும் பாருங்கள். நல்ல குச்சியை ஒடித்தால் 'டிக்' என்று சத்தம் வந்து ஒடியும். நமுத்தது சத்தமில்லாமல் உதிரும். அதை ஹாப்பரில் விட்டால் ஆகருக்குள் ஊறிச் சிமென்ட் மாதிரி இறுகிவிடும். மூடி ஓரத்தில் புகை கசிகிறதா என்பதையும் பார்த்துவிடலாம், கொஞ்சம் கசிந்தால் பரவாயில்லை.

இவ்வளவும் செய்த பிறகும் 40 டிகிரிக்கு மேல் ஆடினால் கன்ட்ரோலர் வாங்குங்கள். 20 டிகிரிக்குள் அடங்கிவிட்டால் பேசாமல் கறி வாங்குங்கள்.

எதைப் பார்த்து வாங்குவது

மூன்று பொருத்தம் பார்க்க வேண்டும். முதலாவது மோட்டார். பழைய மாடல்களில் ஆகரும் ஃபேனும் 120 வோல்ட் ஏசியில் ஓடும். இப்போது வருகிற சில மாடல்களில் டிசி மோட்டார். ஏசிக்கான கன்ட்ரோலரை டிசி மோட்டாரில் மாட்டினால் மோட்டார் போய்விடும். மோட்டார் மேல் ஒட்டியிருக்கும் சீட்டை டார்ச் அடித்துப் படியுங்கள். வோல்டேஜும் சுற்று எண்ணிக்கையும் இருக்கும். நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள், சில கன்ட்ரோலர்கள் அதைக் கேட்கும்.

இரண்டாவது வெப்பக் குச்சி. இதில் இரண்டு வகை அதிகம், பிடி100, பிடி1000. உள்ளே பிளாட்டினம், சூடு ஏற ஏற மின்தடை ஏறும். பெயரில் இருக்கும் எண்தான் பனிக்கட்டி வெப்பத்தில் அதன் ஓம். மல்டிமீட்டரை ஓமில் வைத்து இரண்டு ஒயரிலும் பிடியுங்கள். 77 டிகிரி அறையில் பிடி1000 என்றால் 1097 ஓம் பக்கம் காட்டும், பிடி100 என்றால் 110 பக்கம். என் கராஜில் அன்று 1091 வந்தது. 74 டிகிரிக் குளிருக்குச் சரியான கணக்கு. புது கன்ட்ரோலரோடு அதற்குரிய குச்சியும் வந்தால் அதையே போடுங்கள். பழைய குச்சி நன்றாக இருக்கிறதே என்று சிக்கனம் பார்த்து வகை மாற்றி மாட்டினால் திரையில் வருவது வெப்பமாக இருக்காது, வெறும் எண்ணாகத்தான் இருக்கும்.

மூன்றாவது ஓட்டையின் அளவு. பழைய கன்ட்ரோலரைக் கழற்றி, அது உட்கார்ந்திருந்த சதுர ஓட்டையின் நீள அகலத்தை ஸ்கேல் வைத்து அளந்து எழுதிய பிறகே ஆர்டர் போடுங்கள். தகட்டை வெட்டுவது எளிது என்று எழுதியிருப்பதை நம்பாதீர்கள். இன்னொன்று, ஸ்மோக்கர் இன்னும் வாரண்டியில் இருந்தால் வேறு கம்பெனிப் பொருளை மாட்டியதும் அது போய்விடக்கூடும். எனக்கு அந்தக் கவலை இல்லை, பக்கத்து வீட்டுக்காரர் வீடு மாறும்போது பாதி விலைக்குத் தந்துவிட்டுப் போனது.

ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கம்ப்யூட்டரை வைத்து நாமே கன்ட்ரோலர் செய்கிற பைஃபயர் என்ற திறந்த மூலத் திட்டமும் உண்டு. கை துறுதுறுக்கிறவர்களுக்கு நல்ல விளையாட்டு. நான் வாரம் முழுக்க அலுவலகத்தில் சர்க்யூட் போர்டோடு மல்லுக்கட்டுகிறவள், சனிக்கிழமையும் அதையே செய்ய மனசில்லை. 150 டாலருக்குள் ரெடிமேடாக ஒன்று வாங்கினேன்.

கழற்றுவது

ஸ்விட்சை அணைத்தால் போதாது, பிளக்கைப் பிடுங்க வேண்டும். பிடுங்கி, அதன் முனை கண்ணில் படுகிற மாதிரி ஸ்மோக்கர் மேலேயே வைத்துக்கொள்ளுங்கள். நான் பிடுங்கியது தெரிந்தும் அப்பா சட்டைப் பையிலிருந்து டெஸ்டரை எடுத்தார். அவர் ஊரிலிருந்து கொண்டுவந்த மஞ்சள் பிடி போட்ட நியான் டெஸ்டர். "பிளக் உன் கண்ணு முன்னாடியே கிடக்குன்னாலும் டெஸ்டர் வச்சுட்டுத்தான் கை வைக்கணும். முப்பது வருஷம் நான் உசிரோட இருந்ததுக்கு அதாம்மா காரணம்." இங்கே 120 வோல்ட்தானே என்று அந்த டெஸ்டர் எரியுமா என்று சந்தேகப்பட்டேன். இன்னொரு பாயிண்டில் வைத்துக் காட்டினார். எரிந்தது, கொஞ்சம் மங்கலாக.

ஹாப்பரில் இருக்கும் குச்சிகளை முழுவதும் வழித்து எடுத்துவிடுங்கள். எடை குறையும் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. நான் இதைச் செய்யாமல் என்ன ஆனேன் என்பது கீழே வருகிறது. பிறகு அடித்தகட்டின் திருகுகளைக் கழற்றினால் ஒயர்கள் தொங்கும். எதையும் தொடாமல் முதலில் போட்டோ. மூன்று கோணத்தில், வெளிச்சம் நன்றாக விழும்படி. அப்புறம் ஒவ்வொரு கனெக்டரிலும் மாஸ்கிங் டேப் ஒட்டிப் பேனாவால் எழுதுங்கள். என்னுடையதில் சிவப்பு ஆகருக்கு, ஆரஞ்சு ஃபேனுக்கு, ஊதா ஹாட் ராடுக்கு, கூடவே ஒவ்வொன்றுக்கும் ஒரு வெள்ளை. அமெரிக்காவில் வெள்ளை நியூட்ரல், கறுப்பு லைன், பச்சை எர்த். நம் ஊரில் கறுப்பு நியூட்ரல் என்று கை பழகியவர்கள் இந்த இடத்தில் ஒரு நிமிடம் நிதானியுங்கள். அப்பாவே ஒரு தடவை தடுமாறினார். உங்கள் மாடலில் நிறம் வேறாக இருக்கலாம், நிறத்தை நம்பாமல் ஒயர் எங்கே போய் முடிகிறது என்று விரலால் தடவிப் பாருங்கள்.

எல்லாம் கழன்று கிடக்கும்போதே ஹாட் ராடைச் சோதித்துவிடுங்கள். இரண்டாம் முறை இவ்வளவு திருகைக் கழற்ற யாருக்கும் தெம்பு இருக்காது. 200 வாட் ராட் என்றால் 120 வோல்ட்டுக்கு 72 ஓம், 300 வாட் என்றால் 48 ஓம் வர வேண்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் ராட் அறுந்துவிட்டது. அடுத்து மீட்டரின் ஒரு முனையை ராட் ஒயரிலும் இன்னொன்றை அதன் உலோக உறையிலும் வைத்துப் பாருங்கள். மீட்டரின் மிக உயர்ந்த அளவில்கூட எண் எதுவும் வரக் கூடாது.

எங்களுடையதில் வந்தது. அப்பா அதைப் பார்த்துச் சிரித்தார். அதற்கு முந்தின மாதம் மழை பெய்தபோதெல்லாம் ஸ்மோக்கரைப் போட்டால் வெளிச்சுவர் பாயிண்ட் ட்ரிப் ஆகிக்கொண்டிருந்தது, நான் பாயிண்டைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வெளியே இருக்கும் பாயிண்டுகளில் இங்கே ஜிஎஃப்சிஐ கட்டாயம். கரண்ட் கசிந்தால் தானே அணைத்துவிடும், நம் ஊரில் இஎல்சிபி செய்கிற அதே வேலைதான். ஆனால் நம் வீடுகளில் போடுவது பெரும்பாலும் 30 மில்லி ஆம்பியர் கசிந்தால்தான் விழும், இது 5 மில்லி ஆம்பியருக்கே விழுந்துவிடும். ஹாட் ராடுக்குள் அடைத்திருக்கும் வெள்ளைப் பொடி ஈரத்தை உறிஞ்சும் சாதி. உறை லேசாக விரிசல் விட்டால் போதும், மழைக்காலம் முழுக்கக் கசிவுதான். புது ராட் ஒன்று சேர்த்து ஆர்டர் போட்டோம்.

மாட்டுவது, நான் சொதப்பியது

புது வெப்பக் குச்சியை முதலில் பொருத்துங்கள். அதன் ஒயரை மற்ற ஒயர்களோடு சேர்த்துக் கட்டாமல் வேறு பக்கமாகக் கொண்டுவாருங்கள்; 120 வோல்ட் ஒயரோடு ஒட்டிப் போனால் திரையில் எண் நடுங்கும். தகட்டு ஓட்டை வழியாகப் போகிற இடத்தில் ரப்பர் வளையம் போடாவிட்டால் ஆறு மாதத்தில் விளிம்பு ஒயரை அறுத்துவிடும். இரண்டு ஒயர் குச்சிக்குப் பிளஸ் மைனஸ் கிடையாது, எப்படி மாட்டினாலும் சரி. எர்த் ஒயருக்குக் கீழே பெயின்ட்டைச் சுரண்டி வெறும் உலோகம் தெரிய வைத்து, பல் வாஷர் போட்டு இறுக்குங்கள். பெயின்ட்டின் மேல் மாட்டிய எர்த் இருந்தும் இல்லாததுதான்.

இனி என் சொதப்பல். புது கன்ட்ரோலரின் முதுகில் நிறமே இல்லை, மூன்று சாக்கெட்டுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் எஃப், பி, ஐ என்று இருந்தது. ஐ என்றால் இக்னைட்டர், ஹாட் ராட். சரி. எஃப் என்றால் ஃபேன் என்று ஆரஞ்சை மாட்டினேன். மிச்சம் இருந்த பியில் ஆகர். கையேட்டின் மூன்றாம் பக்கத்தைத் திருப்பியிருந்தால் எஃப் என்றால் ஃபீடர், பி என்றால் புளோயர் என்று தெரிந்திருக்கும். குச்சி தள்ளுகிற சாக்கெட்டில் ஃபேன், ஊதுகிற சாக்கெட்டில் ஆகர்.

பிளக்கைச் செருகி ஆன் செய்தேன். திரை அழகாக ஒளிர்ந்தது. 74 டிகிரி என்று காட்டியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை, உள்ளே போய் வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன், வந்து பாருங்க என்று. திரும்பி வரும்போது அப்பா தலையைச் சாய்த்துக் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, ஃபேன் சத்தம் விட்டு விட்டுல்ல வருது. உள்ள என்னமோ டொக்கு டொக்குனு விழுந்துக்கிட்டே இருக்கு."

ஃபேன் நிற்காமல் ஓட வேண்டும், குச்சி விட்டு விட்டு விழ வேண்டும். இங்கே தலைகீழ். மூடியைத் திறந்தால் கிண்ணம் நிறைந்து வழிந்து, அடியில் ஹாட் ராட் பட்ட குச்சிகள் கெட்டியாக மஞ்சள் புகை விட்டுக்கொண்டிருந்தன. பிளக்கைப் பிடுங்கினோம். மூடியைத் திறந்தபடியே விட்டோம். இது முக்கியம்: நிறைந்த கிண்ணம் புகையும்போது மூடினால் உள்ளே எரிவாயு சேர்ந்து, நெருப்பு பிடிக்கிற கணத்தில் மூடியையே தூக்கி அடிக்கும். இடுக்கியும் பழைய இரும்புக் கரண்டியுமாக எல்லாவற்றையும் அள்ளித் தண்ணீர் வாளியில் போட்டு முடிக்க அரை மணி நேரம். ஹாப்பரைக் காலி செய்துவிட்டு ஆன் செய்திருந்தால் இது வெறும் சத்தத்தோடு போயிருக்கும்.

ஆகவே முதல் ஓட்டம் குச்சி இல்லாமல்தான். உள்ளே இருக்கும் கம்பித் தட்டு, எண்ணெய்த் தட்டு, நெருப்பு மறைப்பு எல்லாவற்றையும் எடுத்துவிட்டுக் கிண்ணம் நேராகத் தெரியும்படி வையுங்கள். ஆன் செய்ததும் கிண்ணத்தின் மேல் ஒரு டிஷ்யூ பேப்பரைப் பிடித்தால் காற்று படபடக்க வேண்டும். இரண்டு மூன்று நிமிடத்தில் ஹாட் ராடின் முனை சிவக்க வேண்டும். விரல் வைத்துப் பார்க்காதீர்கள், விளக்கை அணைத்துப் பாருங்கள். ஆகர் தண்டு விட்டு விட்டுத் திரும்ப வேண்டும். மூன்றும் சரி என்றால்தான் குச்சி.

திரை காட்டும் எண்ணையும் அப்போதே சரிபார்க்கலாம். ஒரு டம்ளரில் நிறைய ஐஸும் கொஞ்சம் தண்ணீரும் வைத்து வெப்பக் குச்சியின் உலோகப் பகுதியை மட்டும் முக்கினால் 32 வர வேண்டும். கொதிக்கிற தண்ணீரில் கடல் மட்டத்தில் 212. எங்கள் பகுதி 700 அடி உயரம் என்பதால் 211 வந்தது. இரண்டு டிகிரி முன்னே பின்னே இருந்தால் அமைப்பில் போய்த் திருத்திக்கொள்ளலாம்.

பழக்குவது

குச்சி போட்டு, எதுவும் சமைக்காமல், 225இல் ஒரு மணி நேரம், 350இல் அரை மணி நேரம் ஓடவிடுங்கள். முதல் இருபது நிமிடத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், பற்றவைக்கும்போது எல்லாமே தாண்டித்தான் போகும். அதற்கப்புறம்தான் நோட்டை எடுக்க வேண்டும்.

எனக்கு 247, 212, 239, 215 என்று வந்தது. பழையதைவிட எவ்வளவோ மேல், ஆனாலும் ஆட்டம்தான். பிஐடியின் எண்களை மாற்றலாம் என்று தெரிந்ததும் மூன்றையும் ஒரேயடியாகத் திருகத் தோன்றும். ஒன்றை மாற்றி, முக்கால் மணி நேரம் விட்டு, அப்புறம் அடுத்ததைத் தொடுங்கள். முதலில் பி. என் கன்ட்ரோலரில் அது டிகிரியில் இருக்கிறது. இலக்குக்கு எத்தனை டிகிரி முன்பிருந்தே குச்சியைக் குறைக்கத் தொடங்க வேண்டும் என்பது. 30 இருந்ததை 60 ஆக்கினேன். தூரத்திலேயே பிரேக் போட ஆரம்பித்த பஸ் மாதிரி மெதுவாக வந்து நின்றது. பிறகு ஐயின் வேகத்தைக் கொஞ்சம் குறைத்தேன். 219க்கும் 231க்கும் நடுவில் அடங்கியது. அதற்கு மேல் தொடவில்லை, டியைத் தொடவே இல்லை. கறிக்கு ஐந்து டிகிரி வித்தியாசம் தெரியாது.

குறைந்தபட்சத் தீனி என்று ஒரு எண் இருக்கும். இலக்கைத் தாண்டினாலும் நெருப்பு செத்துவிடாமல் இருக்க, இவ்வளவு சதவீதமாவது தள்ளு என்பது. 180இல் வைத்துப் பார்த்தபோது என் நெருப்பு அணைந்தே போனது. 10 என்று இருந்ததை 15 ஆக்கினேன், பழைய பி-4இன் கணக்கு. ஆனால் டெக்சாஸ் ஆகஸ்ட் வெயிலில் ஸ்மோக்கரின் தகடே கொதிக்கும், அப்போது 15 சதவீதத்தோடு 180க்குக் கீழே இறங்கவே இறங்காது. நிழலில் தள்ளி வைப்பதுதான் வழி.

மூடியை அடிக்கடி திறப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. திறந்ததும் வெப்பம் சரியும், கன்ட்ரோலர் பதறிப்போய்க் குச்சியை அள்ளிக் கொட்டும், மூடியதும் 280க்கு ஏறும். சிலவற்றில் மூடி திறந்ததைத் தானே கண்டுபிடித்து அமைதியாக இருக்கும் வசதி உண்டு. இல்லாவிட்டால் திறப்பதைக் குறைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் அப்பாதான் திறந்து திறந்து பார்ப்பார். "வெள்ளாட்டுக் கறிய எட்டு மணி நேரமாவா சுடுவாங்க? உங்க அம்மா குக்கர்ல நாலு விசில்ல முடிச்சிருப்பா."

முடிந்ததும் பிளக்கைப் பிடுங்காமல், அணைக்கும் பொத்தானை அழுத்துங்கள். ஃபேன் சில நிமிடம் ஓடிக் கிண்ணத்தில் மிச்சமிருப்பதை எரித்துவிட்டுத்தான் நிற்கும். நடுவில் பிடுங்கினால் கங்கு ஆகர் வழியாகப் பின்னோக்கிப் போய் ஹாப்பருக்கே ஏறிவிடலாம்.

புகை எங்கே போச்சு?

இது யாரும் விளம்பரத்தில் சொல்லாதது. நிலையான வெப்பத்தில் சுட்ட முதல் தொடையை வெட்டியதும் வீட்டுக்காரர் மென்று பார்த்துவிட்டு, "நல்லா வெந்திருக்கு. ஆனா பழைய வாசனை இல்லையேம்மா" என்றார். உண்மைதான். நெருப்பு சீராக எரிந்தால் புகை குறையும். பழைய கன்ட்ரோலர் ஒரேயடியாகக் கொட்டி, பட்டினி போட்டு, குச்சிகளைப் புகைய விட்டது. அந்தத் தப்பில்தான் அந்த வாசனை இருந்திருக்கிறது.

இப்போது இப்படிச் செய்கிறேன். கறியை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தபடியே, ஜில்லென்று, மேல் ஈரத்தோடு வைக்கிறேன். குளிர்ந்த, ஈரமான கறியில்தான் புகை நன்றாக ஒட்டும். முதல் இரண்டு மணி நேரம் 180, அதற்கப்புறம் 225. கூடவே துளை போட்ட ஒரு அடி நீள இரும்புக் குழாயில் குச்சிகளை நிரப்பி, ஒரு முனையைப் பற்றவைத்து ஓரமாக வைத்துவிடுகிறேன். அது கன்ட்ரோலர் சொல்வதைக் கேட்காமல் தன் பாட்டுக்கு மணிக்கணக்கில் புகைந்துகொண்டிருக்கும். கறி 160 டிகிரிப் பக்கம் வந்ததும் சில மணி நேரம் ஏறாமல் அடம் பிடிக்கும். மேலே வேர்க்கிற ஈரம் ஆவியாகிக் குளிர்விப்பதால் வருவது அது. கன்ட்ரோலரின் கோளாறு என்று நினைத்து எண்களைத் திருகிவிடாதீர்கள். 200 தொட்டதும் எடுத்து, சுற்றி வைத்து, ஒரு மணி நேரம் ஆறவிடுங்கள். அப்பா இரண்டாம் தொடையில் குறை சொல்லவில்லை. எலும்பைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

மிச்சம் இரண்டு சின்ன வேலை. 5 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று கூடுதலாக வாங்கி, கன்ட்ரோலரின் பின்னால் பிளாஸ்டிக் பையில் போட்டு டேப் அடித்து வைத்திருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை ராத்திரி கடை தேட முடியாது. ஒயர் போட்டோவைப் பிரின்ட் எடுத்து ஹாப்பர் மூடியின் உள்பக்கம் ஒட்டியாயிற்று, எஃப் என்றால் ஃபீடர் என்று சிவப்பு மையில் எழுதி. பழைய கன்ட்ரோலரையும் அதன் வெப்பக் குச்சியையும் தூக்கி எறியாமல் ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு கராஜ் மேல்தட்டில் வைத்தோம். புதியது என்றைக்காவது கைவிட்டால் அன்றைய விருந்தை ஒப்பேற்ற ஆகும். பெட்டி மேல் அப்பா தன் கையெழுத்தில் எழுதினார்: "பழசு. ஓடும். ஊஞ்சல்."